டிங்கி வார்டில் நீட்டப்படும் படிவம்: மருந்துச் சோதனை யாருக்காக நடக்கிறது?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அரசு மருத்துவமனையில் டிங்கி, கல்லீரல் அழற்சி, காசநோய் என்று சேர்க்கப்படுகிறவர்களில் சிலரிடம் ஒரு படிவம் நீட்டப்படுவது உண்டு. "ஓர் ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா?" என்று கேட்பார்கள். அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘நம் ஆட்களைச் சோதனை எலி ஆக்குகிறார்கள்’ என்று ஒரு செய்தி வந்து விழும். அடுத்த வாரம் அதே குழுவில் ‘உலகத்துக்கே மருந்து கொடுக்கிறது மலேசியா’ என்று இன்னொன்று வரும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய விட்டுப்போயும் இருக்கிறது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. சோதனை என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்? ஏன் பல நாடுகள் சேர்ந்து செய்கின்றன? முடிவில் மருந்து யார் கைக்கு, என்ன விலையில் போகிறது? மூன்றாவதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆனால் முதல் இரண்டும் புரியாமல் அதைக் கேட்க முடியாது.

## ஒப்பிடாமல் எதுவும் தெரியாது

மருந்து சாப்பிட்டார், குணமானார். அதனால் மருந்து வேலை செய்தது என்று சொல்லிவிடலாமா? முடியாது. டிங்கி வந்தவர்களில் பெரும்பாலோர் எந்த மருந்தும் இல்லாமலேயே ஒரு வாரத்தில் எழுந்து நடமாடுவார்கள். அவர்களுக்கு எதைக் கொடுத்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைத்திருக்கும். பப்பாளி இலைச் சாற்றுக்கு இங்கே இருக்கும் புகழில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

இந்தச் சிக்கலை அவிழ்த்த பழைய சோதனைகளில் ஒன்று கோலாலம்பூரிலேயே நடந்தது. பெரிபெரி என்ற நோய் அப்போது மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் கூட்டம் கூட்டமாக உயிர்களை எடுத்துக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். இது ஏதோ கிருமியால் பரவுகிறது என்றே மருத்துவர்களில் பலர் நம்பினார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களுக்கு நோய் வருகிறது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களுக்கு அநேகமாக வருவதில்லை. சரி, காரணம் அரிசியா, குடியிருப்பா, வேலையா? வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல வழியில்லை.

1905 டிசம்பரில் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குச் சயாம் வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு ஒன்றே. ஓராண்டில் வெள்ளை அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் ஒரு மரணமும் இல்லை. அரிசியைத் தீட்டும்போது போய்விடுகிற தயமின் என்ற பி1 வைட்டமின்தான் விஷயம் என்பதும், பெரிபெரி தொற்றுநோயே அல்ல என்பதும் பிறகு தெளிவாயின.

அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கும் வழக்கம் அப்போது இல்லை, மறுக்கும் நிலையில் அவர்களும் இல்லை. நோயாளியின் சம்மதம் கட்டாயம் என்ற விதி உலக அளவில் எழுத்தில் வர 1947இன் நியூரம்பெர்க் விதிகளும் 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனமும் தேவைப்பட்டன. இன்று கைக்கு வரும் படிவம் அந்த வழியில் வந்தது. அதை வெறும் சடங்காக நினைத்துக் கையெழுத்துப் போடுவது வீண்.

படிவத்தில் அடிக்கடி வரும் நான்கு விஷயங்கள் இவை:

1. ஒப்பீட்டுக் குழு: புதிய மருந்து பெறாதவர்கள். இவர்களைச் சிகிச்சையில்லாமல் விட்டுவிடுவதில்லை. ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருந்தால் அது கிடைக்கும். டிங்கி போல மருந்தே இல்லாத நோயில், வழக்கமான கவனிப்போடு மருந்தில்லாத வெற்று மாத்திரை தரப்படலாம்.

2. குலுக்கல்: யார் எந்தக் குழு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை, கணினி குலுக்கிப் போடுகிறது. மருத்துவரிடம் விட்டால், தெரிந்தோ தெரியாமலோ தேறக்கூடியவர்களைப் புதிய மருந்தின் பக்கம் தள்ளிவிடுவார்.

3. மறைப்பு: யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும், பல சோதனைகளில் மருத்துவருக்கும், முடிவு வரை தெரியாது. அவசரம் வந்தால் உடனே திறந்து பார்க்க ஏற்பாடு இருக்கும்.

4. கட்டம்: முதல் கட்டத்தில் சில பத்துப் பேரிடம் பாதுகாப்பு. இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேரிடம் அளவும் பலனும். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கானோரிடம் ஒப்பீடு. நான்காவது, விற்பனைக்கு வந்த பிறகான கண்காணிப்பு. நீட்டப்படும் படிவம் எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதைப் பொறுத்து ஆபத்தும் மாறும்.

## நிபாவில் நழுவிய பதில்

ஒப்பீடு சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் மலேசியாவிலேயே உதாரணம் உண்டு. 1998-99இல் ஈப்போவில் தொடங்கி நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளுக்குப் பரவிய நிபா வைரஸ் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கோ பிங் அது புதிய வைரஸ் என்று கண்டறிந்தார். கையில் மருந்து எதுவும் இல்லாத நிலையில் ரிபாவிரின் என்ற பழைய வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

மருந்து பெற்ற 140 பேரில் 32 விழுக்காட்டினர் இறந்தார்கள். பெறாத 54 பேரில் 54 விழுக்காடு. பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் அந்த 54 பேர் குலுக்கிப் பிரித்தவர்கள் அல்லர். மருந்து வந்து சேர்வதற்கு முன்பே நோய்ப்பட்டவர்களும், மருந்தை மறுத்தவர்களும். பின்னால் வந்த நோயாளிகளுக்குச் சீக்கிரம் நோய் தெரிந்திருக்கும், மருத்துவர்களின் கையும் பழகியிருக்கும். வித்தியாசம் மருந்தாலா, அதனாலா? பிறகு நடந்த விலங்குச் சோதனைகளிலும் ரிபாவிரின் கைகொடுக்கவில்லை. வங்காளதேசத்திலும் கேரளாவிலும் நிபா இன்னும் தலைகாட்டிக்கொண்டிருக்கிறது, நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றும் இல்லை. அன்று மருத்துவர்கள் செய்ததைக் குறை சொல்ல முடியாது. மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது சோதனைத் திட்டம் எழுத யாருக்கு நேரம்? அதனால்தான் திட்டமும் நெறிமுறை அனுமதியும் நோய் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

கோவிட் காலத்தில் அந்த ஏற்பாடு இருந்தது. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி மருந்தைக் கொடு கொடு என்று ஊரெல்லாம் கூச்சல். சுகாதார அமைச்சின் 20 அரசு மருத்துவமனைகள் சேர்ந்து 2021 மே முதல் அக்டோபர் வரை ஒரு சோதனை நடத்தின. நாள்பட்ட நோய் உள்ள, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 490 பேர். மருந்து பெற்ற 241 பேரில் 52 பேருக்கு நோய் முற்றியது. பெறாத 249 பேரில் 43 பேருக்கு. பலன் இல்லை.

ஆனால் அதே அறிக்கையில் மருந்து பெற்றவர்களில் 3 பேரும் பெறாதவர்களில் 10 பேரும் இறந்ததாக இருந்தது. ஐவர்மெக்டின் ஆதரவாளர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இறப்பு அரிதாக நடக்கும் விஷயம், இந்தச் சோதனை அதை அளப்பதற்கென்று வகுக்கப்படவும் இல்லை. இவ்வளவு சிறிய எண்களில் இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாகவும் வரும் என்று கணக்கு சொன்னது. அது தற்செயலா நிஜமா என்று தெரிய இன்னும் அதிகம் பேர் வேண்டும். பிரேசிலில் 1,358 பேரிடம் நடந்த சோதனை 2022இல் வெளியானது. அதிலும் பலன் இல்லை.

பல நாடுகள் சேர்வதற்கான முதல் காரணம் இங்கேயே இருக்கிறது: ஆள் எண்ணிக்கை.

## ஒரு நாடு மட்டும் ஏன் போதாது

1. எண்ணிக்கையும் பருவமும். மலேசியாவில் 2019இல் 130,000க்கு மேற்பட்ட டிங்கி நோயாளிகள் பதிவானார்கள். சில ஆண்டுகளில் அதில் சிறு பங்குதான். ஒரே நாட்டை நம்பித் தொடங்கிய சோதனை, நோய் குறைந்த ஆண்டில் ஆளில்லாமல் நிற்கும்.

2. கிருமியும் மனிதரும் ஊருக்கு ஊர் வேறு. டிங்கி வைரஸில் நான்கு வகை. எந்த வகை எங்கே ஓங்கியிருக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஏற்கெனவே ஒரு முறை டிங்கி வந்தவரா என்பது எல்லாவற்றையும் விட முக்கியம். இதைத் தவறவிட்டதன் விலையைப் பிலிப்பீன்ஸ் கொடுத்தது. டெங்வாக்ஸியா என்ற டிங்கித் தடுப்பூசியின் ஆசியச் சோதனையில் மலேசியா உட்பட ஐந்து நாடுகளின் 10,275 குழந்தைகள் சேர்ந்தார்கள். 56.5 விழுக்காடு பலன் என்று 2014இல் முடிவு வந்தது. சோதனைக்கு முன் எந்தக் குழந்தைக்கு டிங்கி வந்திருந்தது என்று பார்க்கும் இரத்த மாதிரி ஒரு பகுதியினரிடம் மட்டுமே எடுக்கப்பட்டிருந்தது. 2016இல் பிலிப்பீன்ஸ் பள்ளிகளில் ஊசி போடத் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்குப் போட்டார்கள். முன்பு டிங்கியே வராதவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் கடுமையான டிங்கி வரும் ஆபத்து கூடுகிறது என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. அங்கே மற்றத் தடுப்பூசிகள் மீதான நம்பிக்கையும் சேர்ந்து சரிந்தது. ஐந்து நாடு, பத்தாயிரம் பேர் என்பதால் மட்டும் ஒரு சோதனை சரியாகிவிடுவதில்லை. எதை அளக்கிறோம் என்பதும் வேண்டும்.

3. சந்தை. வெப்பமண்டல நோய்கள் பலவற்றில் நோயாளியிடம் பணம் இல்லை. மருந்து நிறுவனம் தானாக வராது. யாராவது கூட்டிவர வேண்டும், அல்லது நிறுவனம் இல்லாமலே செய்து முடிக்க வேண்டும்.

இரண்டாவது வழிக்குச் சென்னை ஒரு நல்ல சாட்சி. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்குச் சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்துச் சிகிச்சை, மறுபாதிக்கு வீட்டிலேயே. நெரிசலான வீடு, போதாத சாப்பாடு. ஆனாலும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகமெங்கும் சானட்டோரியங்கள் மூடப்பட்டதில் இந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்காத சோதனை அது. ஏழை நாட்டுக்குத் தேவையான கேள்வியை ஏழை நாட்டிலேயே கேட்டது, அவ்வளவுதான்.

## யாருடைய மருந்து?

கூட்டு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்தாலும், கூட்டுக்குள் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது வேறுபடும்.

1948இல் அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு கோலாலம்பூர் வந்து, 1900 முதல் இங்கே இயங்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து குளோரம்ஃபெனிகால் மருந்தைச் சோதித்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் அதிகம் கண்ட உண்ணிக் காய்ச்சலுக்காகத்தான் வந்தார்கள். அந்த நோயாளிகளில் சிலருக்கு இருந்தது உண்மையில் டைஃபாய்டு என்று பிறகு தெரிந்தது. அவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். டைஃபாய்டுக்கு உலகின் முதல் நல்ல மருந்து இப்படித்தான் அடையாளம் காணப்பட்டது. பெருமைப்பட வேண்டிய வரலாறு, சந்தேகமில்லை. ஆனால் மருந்து அமெரிக்காவின் பார்க் டேவிஸ் நிறுவனத்துடையது, நோயாளிகள் நம்முடையவர்கள். விலையை யார் வைப்பது என்ற பேச்சில் மலாயாவுக்கு இடம் இல்லை.

ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று விஷயத்தில் நிலைமை வேறாக இருந்தது. 2013 இறுதியில் அமெரிக்காவில் அதற்கான சோஃபோஸ்புவிர் என்ற மருந்து அனுமதி பெற்றது. பன்னிரண்டு வார மாத்திரைகளின் விலை 84,000 டாலர், மாத்திரைக்கு ஆயிரம் டாலர். மலேசியாவில் அப்போது இந்தத் தொற்று உள்ளவர்கள் நான்கு லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களில் பாதிக்கு மேல் ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுத்து நோய் பெற்றவர்கள், அதாவது அவர்களுக்காகக் குரல் கொடுக்க ஆளில்லாதவர்கள். அதை விற்கும் கிலியட் நிறுவனம் ஏழை நாடுகளுக்கு மலிவாகத் தர வைத்திருந்த பட்டியலில் மலேசியா இல்லை. நடுத்தர வருமான நாடு என்ற தகுதி இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாபமாக வந்தது.

இந்த இடத்தில் வந்தது டி.என்.டி.ஐ. என்ற இலாபநோக்கற்ற அமைப்பு. புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து உருவாக்க 2003இல் தொடங்கப்பட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, பிரேசில், இந்தியா, கென்யா ஆகியவற்றின் ஆராய்ச்சி நிறுவனங்கள், பாஸ்டர் நிறுவனம் ஆகியவற்றுடன் மலேசிய சுகாதார அமைச்சும் நிறுவன உறுப்பினர். இது பலருக்குத் தெரியாது. இந்தக் கூட்டில் மலேசியா விருந்தாளி அல்ல.

அப்புறம் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடந்தன. ஒன்று, சோதனை. ரவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தை எகிப்திய நிறுவனமான ஃபார்கோ தயாரித்துத் தர, அதைச் சோஃபோஸ்புவிருடன் சேர்த்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளிடம் சோதித்தார்கள். கல்லீரல் சுருங்கத் தொடங்கியவர்களும் எச்.ஐ.வி. உள்ளவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். பொதுவாக நிறுவனங்களின் சோதனைகள் இத்தகையவர்களை ஒதுக்கிவிடும், கணக்கு சிக்கலாகும் என்று. 2018இல் முடிவு: 97 விழுக்காடு பேரின் இரத்தத்தில் சிகிச்சை முடிந்து பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகும் வைரஸ் இல்லை. சோதனை தொடங்கும் முன்பே ஃபார்கோவுடன் பேசி, ஒரு முழுச் சிகிச்சை 300 டாலரைத் தாண்டாமல் இருக்க ஒப்பந்தமும் ஆகியிருந்தது. விலையை முதலில் பேசிவிட்டுச் சோதனையைத் தொடங்குவது மருந்துலகில் அபூர்வம்.

இரண்டாவது, காப்புரிமை. 2017 செப்டம்பரில் மலேசிய அரசு, 1983 காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, சோஃபோஸ்புவிரை அரசுப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலேயே பொது மருத்துவமனைகளுக்கு மலிவான பிரதியை வாங்க இது வழிசெய்யும். ஹெபடைடிஸ் சி மருந்துக்கு இப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. எச்.ஐ.வி. மருந்துகளுக்கு 2003இலேயே செய்த அனுபவமும் இருந்தது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்றாம் உலக வலையமைப்பு என்ற தன்னார்வ அமைப்பு இதற்காக நெடுநாள் வாதாடியது. அழுத்தம் முற்றிய அதே 2017இல் கிலியட் நிறுவனமும் மலேசியாவைத் தன் மலிவுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

ரவிடாஸ்விர் 2021 ஜூனில் மலேசியாவில் பதிவானது, 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறியது. இதனால் ஹெபடைடிஸ் சி ஒழிந்துவிடவில்லை. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம், அவர்களைத் தேடிப்பிடிப்பது மருந்துச் சோதனையின் வேலை அல்ல. ஆனால் 301 பேர் கையெழுத்துப் போட்ட மருந்து, அவர்கள் ஊரின் மருத்துவமனைக்கே கட்டுப்படியாகும் விலையில் வந்தது.

## டிங்கிக்கு இன்னும் ஏன் மருந்து இல்லை

முதல் காரணம் நேரம். டிங்கி வைரஸ் இரத்தத்தில் உச்சத்தில் இருப்பது காய்ச்சலின் முதல் இரண்டு மூன்று நாள். நாமோ பனடோல் போட்டுப் பார்த்து, மூன்றாம் நான்காம் நாள்தான் கிளினிக் போகிறோம். அதற்குள் வைரஸ் தானாகவே இறங்கத் தொடங்கிவிடும். வைரஸைக் கொல்லும் மருந்துக்கு அங்கே பெரிதாக வேலை இருக்காது. சிங்கப்பூரில் 50 பேரிடம் சோதித்த செல்கோசிவிர், வியட்நாமில் சோதித்த பாலபிராவிர் இரண்டும் தோற்றன.

இரண்டாவது, பணம் போட்டவர் எழுந்து போனால் கதை முடிந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் மாஸ்னோடென்விர் மாத்திரை நம்பிக்கையூட்டியது. பல நாடுகளில் நடந்த அதன் இரண்டாம் கட்டச் சோதனையை 2024 அக்டோபரில் நிறுவனம் நிறுத்தியது. பாதுகாப்புப் பிரச்சினையால் அல்ல, தொற்றுநோய் ஆராய்ச்சியில் தன் முன்னுரிமைகளை மாற்றிக்கொண்டதால். டிங்கி பரவும் நாடுகளின் நிறுவனங்களே முன்னின்று மருந்து தேட வேண்டும் என்று, டி.என்.டி.ஐ.யுடன் மலேசியா, தாய்லாந்து, இந்தியா, பிரேசில் நாட்டு நிறுவனங்கள் டிங்கிக் கூட்டணி அமைத்திருப்பதன் தேவை இதனால் இன்னும் கூடியிருக்கிறது.

## படிவம் கைக்கு வந்தால்

மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஒரு மருந்துச் சோதனை நடக்க வேண்டுமானால், ஆய்வு தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும், அமைச்சின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும், பதிவாகாத மருந்தாக இருந்தால் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை இறக்குமதி உரிமம் தர வேண்டும். இவையெல்லாம் மேலே நடப்பவை. கட்டிலில் படுத்திருப்பவர், அல்லது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளோ மகனோ, கேட்கக்கூடியவை இவை:

1. இது எந்தக் கட்டம்? இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள்?

2. சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்? இதற்குத் தெளிவான பதில் வர வேண்டும். சேர மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது என்பது விதி.

3. தீங்கு நேர்ந்தால் செலவு யாருடையது? காப்பீடு இருக்கிறதா, எதுவரை?

4. எடுக்கும் இரத்தம் எங்கே போகிறது, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுக்கும் பயன்படுமா?

5. மருந்து வேலை செய்தால், சோதனை முடிந்த பிறகும் எனக்குக் கிடைக்குமா? இங்கே பதிவு செய்யப் போகிறார்களா? விலை பற்றி ஏதாவது ஒப்பந்தம் உண்டா? வார்டில் இருக்கும் மருத்துவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரியவில்லை என்றால், தெரிந்தவரைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

6. தமிழில் படிவம் இருக்கிறதா? வாசிக்க முடியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னால் முழுவதையும் வாசித்து விளக்க வேண்டும். ‘இங்க ஒரு சைன் போடுங்க பாட்டி’ என்பது விளக்கம் ஆகாது.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் யோசிக்க நேரம் கேட்கலாம். டிங்கி போன்ற அவசரத்தில் சில மணி நேரம்தான் கிடைக்கும், அதையாவது கேட்டு வாங்குங்கள். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில். ஆய்வை நடத்தும் மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை அங்கே கேட்கலாம்.